குதிக்கிற பொத்தான்

தம்பியின் விளையாட்டுப் பெட்டியை அந்த வீட்டில் யாரும் தூசு தட்டக்கூடத் தொடமாட்டார்கள். கையகலப் பழைய கேம் கன்சோல் அது. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. கேட்டுப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதன் வயிற்றைத் திறந்து, பொத்தான்களுக்கு அடியில் இருக்கிற செம்புப் பொட்டுகளில் மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, அந்தக் கம்பிகளை வெளியே இழுத்துத் தனித்தனி சுவிட்சுகளில் முடித்தவன் தம்பியேதான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. நரம்பும் சதையும் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய். வலது கை ஏறக்குறையப் போயிருந்தது, இடது கை பாக்கி இருந்தது. அதுவும் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வாரம் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து முடித்தான். இன்று அவனுக்கு முப்பத்தொன்பது.

கட்டிலுக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்புக் கம்பியில், அவன் முகத்துக்கு நேராகப் பெட்டி தொங்கும். இடப்பக்கம் போக ஒரு சுவிட்ச், வலப்பக்கம் போக ஒரு சுவிட்ச். இரண்டுக்கும் இடது கையில் இன்னும் அசைகிற இரண்டு விரல்கள் போதும். குதிப்பதற்கான சுவிட்ச்தான் நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை. முதலில் வலது கையில் அசைய மிச்சமிருந்த கட்டைவிரலில் இருந்தது. பிறகு முழங்கைக்குப் போனது, அங்கிருந்து தாடைக்கு. இரண்டு வருடமாக இடது கன்னத்தில் இருக்கிறது. தலையணையோரமாக, கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அவன் கன்னத்தை உப்பினால் 'க்ளிக்'. திரையில் முதுகில் மூட்டையோடு ஓடுகிற ஒரு குள்ள மனிதன் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுவான். தாவத் தவறினால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் விழுந்து சாவான்.

தம்பிக்கு ஊட்டிவிட ஆள் வேண்டும். திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டுவதற்கும் ஆள் வேண்டும். மூட்டைக்காரனைத் தாவவைக்க மட்டும் யாரும் வேண்டாம். ஒரு நாளில் அவன் யார் தயவும் இல்லாமல் செய்கிற காரியம் அது ஒன்றுதான். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"அக்கா, குதிக்க மாட்டேங்குது," என்றான் தம்பி. கொஞ்ச நாளாகவே அவன் பேச்சு குழைந்துதான் வருகிறது. வீட்டுக்காரர்களுக்குப் புரியும்.

"எப்பலேருந்து?"

"காலைலேருந்து. உள்ள ஈயம் விட்டிருக்கும். பதினோரு வருஷம் ஆச்சே."

அக்கா ஒன்றும் தெரியாதவள் அல்ல. போன், கன்சோல், கணினி என்று எதைக் கொண்டுவந்தாலும் போர்டைக் கழற்றிச் சரிபார்க்கிற ஒரு பட்டறையில் எட்டு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே சின்னப் பொட்டு என்றால் அவள் மேஜைக்குத்தான் வரும். அந்தப் பட்டறையில் இரண்டு சட்டங்கள் உண்டு. மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது. பழைய பசை இருந்தால் அதில் ஸ்பிரிட் சொட்டுவிட்டு, ஊறி இளகுகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான்.

மீட்டர் அதே அறையில், அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. மீட்டரை விடுங்கள், கன்னத்தோரம் நின்ற அந்த சுவிட்சைத் தன் விரலால் ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கலாம். அதற்கு எட்டு வருட அனுபவம் வேண்டாம், எட்டு வயதுக் குழந்தைக்கே தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. ஏனென்று யாராவது கேட்டிருந்தால் அவசரம் என்றிருப்பாள். அவசரமாவது மண்ணாவது!

பெட்டியைக் கீழே இறக்கி, மேஜை விளக்கடியில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். தம்பி அந்தக் காலத்தில் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தின் மேலும், கம்பி ஆடாமல் இருக்கப் பசையை உருக்கி ஊற்றியிருந்தான். அது மஞ்சளேறி, கல்லாகிக் கிடந்தது. குதிக்கிற பொத்தானின் பசைக் கட்டியை இடுக்கியால் பிடித்தாள். ஸ்பிரிட் இல்லை, ஊறவைப்பது இல்லை. பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

வந்தது. பசையோடு கம்பி வந்தது, கம்பியோடு ஈயம் வந்தது, ஈயத்தோடு கடுகளவு செம்புப் பொட்டும் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. பொட்டு இருந்த இடம் வெறும் பழுப்பாக இளித்தது.

"என்னக்கா, சத்தமே காணோம்?"

"ஒண்ணுமில்லடா. இங்க வச்சு முடியாது. நாளைக்குப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்கறேன்."

"சரி. ஒண்ணும் அவசரம் இல்ல."

பெட்டி அரை நாள் இல்லையென்றால் வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவன், அவசரம் இல்லை என்கிறான். அதையும் அவள் கவனிக்கவில்லை. தன் கையை நொந்துகொண்டு பெயர்ந்த பொட்டை ஒரு மருந்து டப்பாவில் போட்டு மூடினாள்.

பட்டறை முதலாளிக்கு ஜோசியர் என்று பட்டப்பெயர். அவளைவிட ஒன்பது வயது இளையவர். எந்தப் பெட்டியையும் திறக்கும் முன்பே கையில் வைத்து எடைபார்ப்பதுபோல் ஆட்டிவிட்டு, கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். பாதி பலிக்கும். பலிக்காத பாதியை அவரே மறந்துவிடுவார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரைப்போல் கறார் கிடையாது.

திங்கள்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். ஐந்து மேஜைகளில் நான்கு காலி. அவள் போர்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்திருந்ததைப் பார்த்து ஜோசியர் வந்தார்.

"தம்பியோடதா?"

"ஆமா. பொட்டு பேந்துடுச்சு."

"தானா பேந்துச்சா?"

"பசையை எடுக்கறப்போ வந்துடுச்சு. அவசரத்துல ஸ்பிரிட் விடல," என்று மென்று விழுங்கினாள்.

நல்ல வேளையாக அதற்கு அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பசையை எடுக்கறதுக்கு முன்னாடி அளந்தீங்க இல்ல?"

"அளந்தேன்."

"மீட்டர் என்ன சொல்லுச்சு?"

"கூவல. ஈயம் விட்டிருந்துச்சு."

இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் 'கூ' என்று கத்தும். விட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும். எட்டு வருடத்தில் அவள் அந்த மேஜையில் சொன்ன முதல் பொய் அது. ஜோசியர் மருந்து டப்பாவைத் திறந்து, பசைக் கட்டியோடு இருந்த பொட்டை இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "நீங்களே பாருங்கக்கா," என்று இடம் விட்டார்.

அவள் பார்த்தாள்.

"ஈயம் விட்டிருந்தா, நீங்க இழுத்தப்போ கம்பி மட்டும் தனியா வந்திருக்கும். பொட்டு போர்டுலயே நின்னிருக்கும். இது பொட்டையே வேரோட பேத்துக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவு கெட்டியாப் புடிச்சிருக்கு. ஓரத்துல பாருங்க, செம்பு அறுந்த இடம் புதுசா மின்னுது. நேத்து அறுந்தது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது தானாச் செத்த பொட்டு இல்லக்கா. நாம கொன்னது."

அவள் நிமிரவே இல்லை.

"யார் வச்ச ஈயம்? நல்ல கை."

"தம்பி வச்சது. இடது கையால."

ஜோசியர் கம்பியின் ஒரு முனையிலும் சுவிட்சிலும் மீட்டரை வைத்து, சுவிட்சை அழுத்தினார். கூ. விட்டார். நின்றது. மறுபடி அழுத்தினார். கூ. கம்பி சரி, சுவிட்ச் சரி, ஈயமும் நேற்றுவரை சரி. இனிமேல் கோளாறுக்கு இருப்பது ஒரே இடம்தான். ஜோசியருக்கு அது புரிந்துவிட்டது என்பது அவர் மீட்டரை அணைத்த விதத்திலேயே தெரிந்தது.

"கன்னத்தாலதானே அழுத்துவார்?"

அவள் தலையசைத்தாள். அப்புறம் அடக்கமாட்டாமல் சொன்னாள்: "நான் அளக்கலை. பொய் சொன்னேன். அளந்தா கூவிடுமோன்னு பயம்."

அதுதான் விஷயம். ஈயம் விட்டிருந்தால் அவள் கையால் ஆகிற காரியம். ஈயம் நன்றாக இருந்தால் விட்டிருப்பது தம்பியின் கன்னம். அதற்கு எந்த மேஜையிலும் வைத்தியம் இல்லை. சாப்பாடு இறங்குவது, பேச்சு, மூச்சு எல்லாம் அந்தக் கன்னத்துக்கு அக்கம்பக்கத்தில்தானே இருக்கின்றன என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் உள்மனசு கணக்குப் போட்டிருந்தது. அந்தக் கணக்கைப் பார்க்கச் சகிக்காமல்தான், நன்றாக இருந்ததைப் பிடுங்கி எறிந்தாள்.

"நீங்க இதை முடிங்க. இன்னிக்கு உங்க மேஜை வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஜோசியர் போனார். ஜோசியம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வேலையைத் தொடங்கினாள். பொட்டு போன பிறகு, அதிலிருந்து கிளம்புகிற செம்புத் தடம் ஒன்றுதான் கதி. தலைமுடி அகலத்தில், பச்சைப் பூச்சுக்கு அடியில் ஓடுகிற தடம். கத்தி முனையால் அந்தப் பூச்சைச் சுரண்டினாள். கொஞ்சம் அழுத்திவிட்டால் தடமும் போய்விடும், பிறகு பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துச் சுரண்டி, மூச்சை விடும்போது கையை எடுத்தாள். நான்கு மூச்சில் செம்பு தெரிந்தது. அதன் மேல் ஈயம் பிடிக்க ஃப்ளக்ஸ் களிம்பு தடவி, சால்டரிங் ராடின் ஊசி முனையால் துளி ஈயம் காட்டினாள். செம்பு வெள்ளியாக மாறியது. மெல்லிய புதுக் கம்பி ஒன்றை வளைத்து அதன் மேல் படுக்கவைத்து, மறுபடி ஒரு தொடுதல். ஒரு நொடிக்குக் குறைவு. அவ்வளவுதான் வேலை. பிறகு அதன் மேல் பசைத் துளி விட்டு, நீல விளக்கைக் காட்டி இறுகவைத்தாள்.

இனி இது யாருக்கு என்ற கேள்வி கை வேலையாக இருந்தவரை வரவில்லை. பெட்டியை மூடி, ஓடவிட்டு, சுவிட்சைத் தன் கட்டைவிரலால் அழுத்தியபோது வந்தது. மூட்டைக்காரன் ஜோராகத் தாவினான். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, தான் சரிசெய்த ஒரு பொருள் ஓடாமல் இருந்தால் தேவலை என்று அவள் வேண்டிக்கொண்டாள். அது பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சரக்கு லாரி ஓட்டுகிற மனிதர். மூன்று நாளைக்கு ஒரு தடவை மச்சானுக்கு முகச்சவரம் செய்துவிடுவது அவர் பொறுப்பு. வேறு யார் செய்தாலும் தம்பிக்குப் பிடிக்காது.

"சரியாச்சா?"

"ஆச்சு. ஆனா கோளாறு அதுல இல்லைங்க."

அவர் மறுபடி குனிந்து, கழற்றிய செருப்பையே நேராக வைத்தார். அந்த மனிதர் செருப்பை நேராக வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஒரு மாசமா," என்றார். "சவரம் பண்றப்போ கன்னத்தை உப்பிக் காட்டுவான் இல்ல, பிளேடு வழுக்கிட்டுப் போகும். போன மாசத்துலேருந்து அது உப்பல. நான்தான் கட்டைவிரலால தோலை இழுத்துப் புடிச்சுப் பண்றேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவன் சொல்ல வேணாம்னான். 'அத்தான், அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்'னு கையைப் புடிக்காத குறையாச் சொன்னான். கையைப் புடிக்க முடிஞ்சா புடிச்சிருப்பான். அப்பவும் பல்லைக் கடிச்சிட்டு எப்படியோ அழுத்திட்டுதான் இருந்தான். நேத்து அதுவும் முடியல."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அளக்காமல் பிடுங்கினவள் யாரைக் கோபித்துக்கொள்வது?

பெட்டியைக் கம்பியில் மாட்டினாள். சுவிட்சைக் கன்னத்தோரம் நிறுத்தினாள். தம்பி திரையைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"முயற்சி பண்ணு," என்றாள்.

அவன் முயன்றான். நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்து இறுகியது. உதட்டோரம் காற்று கசிந்து 'புஸ்' என்று போயிற்று. கன்னம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி அப்படியே கிடந்தது. மூட்டைக்காரன் கூரை விளிம்புவரை ஓடி, சந்தில் விழுந்தான்.

"இன்னும் ஈயம் சரியாப் பிடிக்கலை போல," என்று ஆரம்பித்தாள் அக்கா.

"அக்கா."

அவள் நிறுத்தினாள்.

"மீட்டர் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கூவுச்சா?"

பொய் சொல்ல வாய் வந்தது. மதியமே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அது போதும். "கூவுச்சுடா," என்றாள்.

தம்பி கண்ணை மூடித் திறந்தான். "கூவும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டா ஈயம் விட்டுடுச்சுன்னே?"

அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைப்பதற்கு அவனுக்கு இப்போது அவ்வளவு நேரமாகிறது. "கோளாறு பெட்டியிலன்னா நீ சரி பண்ணிடுவே. ரெண்டு நாள் நீ சந்தோஷமா அதையே நோண்டிட்டு இருப்பேன்னு நெனச்சேன். என்கிட்டன்னா... நீ எதைக் கழட்டுவே?"

அவள் பட்டறைக்காரி. உடனே அடுத்த இடம் தேடினாள். "புருவம் அசையுது இல்ல? புருவத்துல வைப்போம். ஒரு சின்னப் பட்டை ஒட்டி..."

"புருவம் போச்சுன்னா?"

"இமை."

"இமையும் போச்சுன்னா?"

அவள் கை கன்னத்தோரம் நின்ற சுவிட்சை இப்படியும் அப்படியும் திருப்பியது.

"வாடகை வீடு மாதிரி காலி பண்ணிக் காலி பண்ணி எனக்கு அலுத்துப்போச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தை விட்டுட்டு வரேன். திரும்பிப் போனதே இல்லை. இனிமே வேணாம்."

"அப்போ விளையாட மாட்டியா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் குரல் சின்னப் பெண் குரலாக இருந்தது. அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்ததும், அதை அவள் கேட்கப் பயந்ததும் இருவருக்கும் தெரியும்.

அவன் திரையைப் பார்த்தான். மூட்டைக்காரன் புதிதாக உயிர்பெற்று, கூரையின் மேல் காத்து நின்றான்.

"நீ அழுத்து," என்றான்.

"நானா?"

"நடக்கறது நான். விரல் இருக்கு. தாவறது நீ. நான் 'ம்'னு சொல்றப்போ அழுத்து."

பதினோரு வருடமாக வேறு யாரையும் ஆடவிடாத பெட்டி. அவள் சுவிட்சை அது நின்ற இடத்திலிருந்து அவிழ்த்துத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கட்டில் விளிம்பில், திரை தெரிகிற மாதிரி அவன் தலையோடு தலை வைத்துச் சாய்ந்தாள்.

"ம்."

அவள் அழுத்துவதற்குள் மூட்டைக்காரன் விழுந்தான்.

"ம்."

விழுந்தான்.

"ம்னா உடனே. 'ம்'னா என்னன்னு கேட்டுட்டு இல்ல."

இந்தத் தடவை அவன் சொல்வதற்கு முன்பே அழுத்திவிட்டாள். மூட்டைக்காரன் வீணாகத் தாவி, வந்த கூரையிலேயே இறங்கி, பிறகு நடந்துபோய் விழுந்தான். வாசற்படியில் நின்ற அத்தான் 'ச்சு' கொட்டினார். எத்தனை தடவை விழுந்தான் என்று யாரும் எண்ணவில்லை. ஜன்னலில் இருந்த வெயில் சுவரேறிப் போய்விட்டது. நுண்ணோக்கியின் அடியில் தலைமுடித் தடத்தைப் பிசகாமல் சுரண்டுகிற கை, ஒரு பொத்தானை நேரத்துக்கு அழுத்தத் தெரியாமல் திணறியது. தம்பி சலித்துக்கொண்டான், திட்டினான், ஒரு தடவை சிரிப்பு வந்து இருமினான். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு ஒரு "ம்" வந்தது. அவள் அழுத்தினாள். மூட்டைக்காரன் சந்தைத் தாண்டி அடுத்த கூரையில் இரண்டு காலையும் ஊன்றினான். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தது எல்லாம் அப்போதுதான் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"அழறதுன்னா ஆட்டத்தை நிறுத்தி வச்சிட்டு அழு, அக்கா," என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த சந்து வருது."

அவள் நிறுத்தவில்லை. தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, அவன் "ம்" சொல்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.